கடலிலிருந்து கரிசலுக்கு... கன்னிக் குட்டி தேடி ஒரு பயணம்!

திருச்செந்தூரில் நாழிக்கிணற்றுப் பக்கம் கூட்டம் சேரத் தொடங்கும் விடியற்காலையில் காரை எடுத்தால், வெயில் ஏறுவதற்குள் கோவில்பட்டியைத் தொட்டுவிடலாம். சுமார் 100 கிலோமீட்டர். கடலோர முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கழுகுமலை முருகனைப் பார்க்கப் போகிறவர்களின் பாதை இது. இதே பாதையில் சிலர் வேறொரு காரியமாகவும் போகிறார்கள். வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வேண்டும்!

‘இதற்கு எதற்கு இவ்வளவு தூரம்? போனில் படம் பார்த்து, முன்பணம் அனுப்பினால் பஸ்ஸில் அட்டைப்பெட்டி வந்துவிடுமே’ என்று தோன்றலாம். வரும்தான். ஆனால், அந்தப் பெட்டியோடு குட்டியின் தாய் வராது. குட்டி எப்படிப்பட்டது, எப்படி வளர்ந்தது என்பதைத் தாயையும் அது படுத்திருக்கும் இடத்தையும் பார்த்தால்தான் தெரியும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

காயல்பட்டினம் தாண்டியதும் ஆறுமுகநேரி உப்பளங்கள். அடுத்து ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களின் பச்சை. தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து, பழையகாயல் வழியாகத் தூத்துக்குடி. அங்கிருந்து எட்டயபுரம் சாலையில் திரும்பினால் கொஞ்ச நேரத்தில் மண்ணின் நிறமே மாறிவிடுகிறது. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மணலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எட்டுகிற மட்டும் கரிசல். கம்பு, சோளம், உளுந்து, பருத்தி என்று மழையை நம்பிய காடுகள். மறைவே இல்லாத இந்த வெட்டவெளிதான் கன்னி, சிப்பிப்பாறை நாய்களின் ஊர்.

வெட்டவெளியில் ஓடும் முயலைக் கண்ணால் பார்த்து, விரட்டிப் பிடிப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட நாய்கள் இவை. நீண்ட முகம், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, வெயிலைத் தாங்கும் குட்டை முடி என எல்லாமே ஓட்டத்துக்காக அமைந்தவை. சிப்பிப்பாறை என்பது பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் உள்ள கிராமத்தின் பெயர். கறுப்பு உடம்பும் பழுப்புக் கால்களுமாக இருந்தால் கன்னி. வெளிர் நிறமாக இருந்தால் பால்கன்னி. கன்னியும் சிப்பிப்பாறையும் ஒரே இனமா, வேறு வேறா என்ற வாக்குவாதம் இந்த ஊர்களில் இன்னும் முடியவில்லை.

முன்பெல்லாம் கன்னியை யாரும் காசுக்குக் கொடுக்க மாட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மகள் கல்யாணமாகிப் போகும்போது சீதனமாகக் கூடவே அனுப்புவார்களாம். பெயரே அதனால்தான் வந்தது என்பார்கள். பெண் கொடுக்கிற வீட்டில் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிப்பது போலத்தான், குட்டி கேட்டு வருகிறவரையும் விசாரிப்பார்கள்.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயல் வேட்டை குற்றமானது. நியாயமான சட்டம்தான். ஆனால், வேட்டைக்கென்றே பிறந்த நாய்க்கு வேலை போனது. பல வீடுகளில் கன்னியின் இடத்தைப் பொமரேனியன்கள் பிடித்தன. நாட்டு நாய்கள் பக்கம் மறுபடி பார்வை திரும்பியது பிறகுதான். 2005-ல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் தபால்தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. 2020 ஆகஸ்ட்டில் பிரதமரின் ‘மனதின் குரல்’ உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை பெயர்கள் ஒலித்தன. கேட்டு வருகிறவர்கள் பெருகினார்கள். கூடவே, ஈத்துக்கு ஈத்து காசு பார்க்கிறவர்களும் பெருகினார்கள்.

நல்ல வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

வாசலிலேயே பாதி தெரிந்துவிடும். குட்டிகள் வீட்டோடு வளர்கின்றனவா, அல்லது பின்னால் ஒரு கூண்டில் கிடக்கின்றனவா? பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மனசு உலகத்தைப் பழகும் காலம். மிக்ஸி சத்தம், குழந்தைகளின் கூச்சல், மாட்டு மணி, வாசலில் வந்து நிற்கும் மோட்டார் சைக்கிள்... இவற்றையெல்லாம் அந்த நாட்களில் கேட்ட குட்டி பின்னால் எதற்கெடுத்தாலும் மிரளாது. வீட்டில் வளர்ப்பவரின் பெரிய பலமே இதுதான்.

தாய் நாயைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விலா கொஞ்சம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஓட்ட நாயின் வாகே அது. ஆனால் கண் தெளிவாக இருக்க வேண்டும். தோலில் சொறியோ உண்ணியோ மண்டியிருக்கக் கூடாது. பால் கொடுத்துப் பால் கொடுத்துத் துவண்டு போயிருந்தால், ‘இது எத்தனையாவது ஈத்து?’ என்று கேட்டுவிட வேண்டியதுதான். நாய் வளர்ப்பு, விற்பனை பற்றி 2017-ல் வந்த மத்திய அரசின் விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. 18 மாதம் நிரம்பாத பெட்டையை இனவிருத்திக்கு விடக் கூடாது. வருடத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடவே கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும்.

அந்த 8 வாரக் கணக்குக்கு அர்த்தம் உண்டு. கூடப்பிறந்த குட்டியைப் பலமாகக் கடித்தால் அது ‘வீல்’ என்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயும் ஓர் உறுமலில் அடக்கும். எவ்வளவு கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற பாடம் அங்கேதான் நடக்கிறது. முப்பதாம் நாளே தூக்கிக்கொண்டு வந்தால், அந்தப் பாடத்தை வீட்டுப் பிள்ளைகளின் கையில்தான் அது படிக்கும்!

குடற்புழு மருந்து கொடுத்த தேதிகளும் முதல் தடுப்பூசிச் சீட்டும் கைக்கு வர வேண்டும். வெள்ளை ராஜபாளையம் குட்டி என்றால், அதற்குத் தெரியாமல் பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பது நல்லது. வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சில குட்டிகளுக்கு வந்துவிடுகிறது.

கேள்வி கேட்பது வாங்குகிறவர் மட்டும் அல்ல. நல்ல வளர்ப்பாளர் திருப்பிக் கேட்பார்.

“அண்ணாச்சி, வீட்டைச் சுத்தி மதில் இருக்கா? பகல்ல ஆள் இருப்பீகளா? கட்டியே போட்டுருவீகளா?”

திருச்செந்தூர்க்காரரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கும். “உங்க பக்கம் மயில் நிறைய வருமோ?” வேடிக்கைக் கேள்வி இல்லை. அசைவதைப் பார்த்தால் துரத்துவது கன்னியின் ரத்தத்தில் இருக்கிறது. அதற்கு முயலும் ஒன்றுதான், பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியும் ஒன்றுதான், முருகனின் வாகனமும் ஒன்றுதான்! மயிலுக்கு ஏதாவது ஆனால் சட்டமும் விடாது, ஊரும் விடாது. நல்ல வேலி, தினமும் இரண்டு வேளை ஓட்டம், வெளியே போனால் கையில் வார். இதற்கு முடியாது என்றால், கன்னி வேண்டாம் என்று அவரே சொல்லிவிடுவார். அப்படிச் சொல்கிறவர் வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை. ஒரு குட்டி தெருவுக்கு வராமல் காப்பாற்றுகிறார்.

சரி, எல்லாம் ஒத்துவந்து குட்டியும் மடிக்கு வந்துவிட்டது. கிளம்பும் முன் வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது, வழியெல்லாம் வாந்திதான். தாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே கம்பங்கூழும் மோரும் தின்று வளர்ந்திருந்தால், இங்கேயும் சில நாட்கள் அதையே கொடுத்து, மெல்ல மாற்ற வேண்டும்.

ஊருக்கு வந்ததும் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுக்கத்தான் கை துறுதுறுக்கும். பொறுக்க வேண்டும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தெரு நாய்கள் திரியும் கோயில் வாசலும் கடற்கரையும் தடுப்பூசிகள் முடியும்வரை குட்டிக்கு ஆகாது. மூன்றாவது மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாக வேண்டும்.

முதல் ராத்திரி குட்டி அழும். தாய் மணக்கும் துணியைப் பக்கத்தில் போட்டு, யாராவது ஒருவர் அருகில் படுத்துக்கொண்டால் கொஞ்சம் அடங்கும். எட்டு மணி வாக்கில் போன் அடிக்கும். கரிசல் காட்டிலிருந்துதான்.

“என்ன அண்ணாச்சி, பிள்ளை சாப்பிட்டுச்சா?”

அப்படி ஒரு போன் வந்தால், போன 100 கிலோமீட்டர் வீண் இல்லை.