காக்காய்ப்பொன்னில் எழுதிய முகங்கள்

மலைக்கோட்டையின் 400-க்கும் மேற்பட்ட படிகளை ஏறி உச்சியை அடைவோர், வடக்கே காவிரியையும் அதற்கப்பால் திருவரங்கத்துக் கோபுரங்களையும், கீழே தெப்பக்குளத்தருகே லூர்து அன்னை ஆலயத்தையும் கண்டு களித்துத் திரும்புவர். வழியிலுள்ள பல்லவர் குகையைப் பலர் எட்டிப் பார்ப்பதோடு சரி. ஏழாம் நூற்றாண்டில் அதைக் குடைவித்த மகேந்திரவர்மனுக்குச் ‘சித்திரகாரப்புலி’ என்றொரு பட்டம் உண்டு. ஓவியர்க்குள் புலி! ஆயினும் பிற்காலத்தில் இவ்வூர் ஓவியத்தைக் கடல் கடந்து கொண்டு சென்றவர்கள் மன்னர்கள் அல்லர். பெயர் தெரியாத எளியோர்.

19ஆம் நூற்றாண்டில், நம் பாட்டிமார் காக்காய்ப்பொன் என்று சொல்லும் அப்பிரகத் தகட்டில் ஓவியம் தீட்டுவதற்குத் திருச்சிராப்பள்ளி பேர்போன ஊர். பல தொழில் செய்வோர், திருவிழா ஊர்வலங்கள், தெய்வ உருவங்கள் என்று தொகுதி தொகுதியாக எழுதினர். ஆங்கில அதிகாரிகள் அவற்றை வாங்கித் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றனர். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இத்தகைய படங்கள் இன்றும் உள்ளன. நம் ஊர்க் கைவண்ணத்தைக் காண அத்தனை தொலைவு போகவேண்டியிருப்பது வருத்தமே.

அப்பிரகம் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பொருள். மூலப்படத்தின்மீது வைத்தால் கோடுகள் அப்படியே தெரியும். கை நடுங்காதவர் எவரும் பிரதி எடுத்துவிடலாம். அக்காலத் தொகுதிகளில் ஒரு வேடிக்கையும் உண்டு. முகத்தை மட்டும் ஓர் அட்டையில் எழுதிவிடுவர். முகத்துக்கு இடம் விட்டு ஆடை அணிகள் தீட்டிய தகடுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்தால், அதே முகம் சிப்பாயாகும், வணிகனாகும், பண்டாரமாகும்! குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு. ஆனால் ஒரு மனிதனின் முகம் அவனுடையதாக இருக்கவேண்டும் அல்லவா? புகைப்படக் கருவியும் அச்சுப்படமும் பெருகியபின் இத்தொழில் நலிந்து மறைந்தது.

வீட்டில் ஓவியம் பயிலும் பிள்ளைகள் இருப்பின் பெற்றோர் இதனைக் கருதவேண்டும். பெரியோர் எழுதிய முகத்தைப் பார்த்து எழுதுவது பழுதற்ற பயிற்சி. அதன்மேல் தாள் வைத்து வரைவது வேறு. முன்னதில் கண் அளக்கிறது. தலை உச்சிக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழ நடுவே கண்கள் அமைகின்றன. இரு கண்களுக்கிடையே ஒரு கண்ணின் அகலம் இருக்கிறது. இவை பத்து முறை தவறி எழுதியபின்னரே விரலுக்குப் புலனாகும். மெல்லிய தாள் வைத்து வரைவதில் அத்தவற்றுக்கே இடமில்லை. எனவே கல்விக்கும் இடமில்லை.

மலைக்கோட்டையிலிருந்து பாலக்கரைக்குத் தொலைவு அதிகமில்லை. அங்குள்ள உலக மீட்பர் பசிலிக்காவைச் சகாய மாதா கோயில் என்றே மக்கள் அழைக்கின்றனர். சகாய மாதாவின் மூலப்படம் உரோமையில், தூய அல்போன்ஸ் ஆலயத்தில் இருக்கிறது. 1866-இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அதனை இரட்சகர் சபையாரிடம் ஒப்படைத்தார். நம் பங்குகளிலும் இல்லங்களிலும் நாம் வணங்கும் படங்கள் யாவும் அதன் படிகளே.

பிள்ளையை அப்படத்தின் முன் அமர்த்தி, எழுதிப் பார்க்கச் சொல்லலாம். அதிதூதர் மிக்கேலின் கையில் ஈட்டியும் கடற்காளானும், கபிரியேலின் கையில் சிலுவையும் ஆணிகளும். அவற்றைக் கண்டு அஞ்சிய குழந்தையின் காலிலிருந்து ஒரு மிதியடி கழன்று தொங்குகிறது. ஆண்டுக்கணக்கில் அப்படத்தின்முன் செபித்தவரும் அதனைக் கவனித்திராதிருக்கலாம். பென்சிலைப் பிடித்தவனோ அந்த வாரை எங்கே முடிப்பதென்று திகைப்பான். பிறகு அன்னையின் கண்களை எழுத முனைவான்; அவை குழந்தையையும் நோக்கவில்லை, தூதரையும் நோக்கவில்லை, தன்னையே நோக்குகின்றன என்று அப்போது காண்பான்.