நாற்பது யார் ஓட்டமும் ஒரு வெட்டுப்புள்ளியும்

2020 ஏப்ரல் 24, விடிய ஐந்தரை மணி. ஊரடங்கு போட்டு ஒரு மாதம் தாண்டியிருந்தது. சாதாரண தரம் எழுதிப்போட்டு ரிசல்ட்டுக்குக் காத்துக்கொண்டு, செய்ய ஒன்றுமில்லாமல் வீட்டுக்குள் கிடந்த காலம். ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மாவின் மகன், எங்களுக்கு அண்ணா, வட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுத்து போனைத் தன் ரீவிக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தார். “பார், இண்டைக்கு என்எஃப்எல் ட்ராஃப்ட். உனக்கும் பொழுது போகும்” எண்டார்.

அமெரிக்கன் ஃபுட்போல் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஹெல்மெட் போட்ட கொஞ்சப் பேர் ஒருவரையொருவர் இடிப்பார்கள் என்ற அளவில்தான் என் அறிவு. ஆனால் அண்டைக்கு விளையாட்டே நடக்கவில்லை. பல்கலைக்கழகங்களில் விளையாடிய பொடியன்களை 32 அணிகள் வரிசையாகத் தெரிவு செய்கிற நாள் அது. போன வருடம் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் தெரிவு, சம்பியன் அணிக்குக் கடைசித் தெரிவு, இப்படி ஏழு சுற்று. கொரோனாவால் எல்லாரும் அவரவர் வீட்டில் இருந்துதான் ஆளெடுத்தார்கள். கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம் கழித்து, 22ஆவது இடத்தில், அண்ணாவின் மினசோட்டா வைக்கிங்ஸ் அணி ஜஸ்டின் ஜெஃபர்சன் என்ற பெயரைச் சொன்னது. அவர் கத்தின கத்தலில் அம்மா குசினிக்குள் இருந்து ஓடிவந்தா.

“ஆருக்கு என்ன நடந்தது?”

“ஆருக்கும் ஒண்டுமில்லை அம்மா. ஆளெடுக்கினம்.”

அண்டைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. மட்ச் எல்லாம் ஒழுங்காகப் பார்க்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்தது அதற்கு முந்திய வேலை: இருபத்தொரு வயதுப் பொடியன் ஒருவனைப் பார்த்து, இவன் நாளைக்கு என்ன ஆவான் என்று பெரிய மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது. அதிலும் வைட் ரிசீவர்கள் விசயத்தில் அவர்கள் பிழைவிடுவது போல வேறெதிலும் பிழைவிடுவது குறைவு என்றுதான் எனக்குத் தோன்றும்.

வைட் ரிசீவர் என்பவன் மைதானத்தின் ஓரமாக நின்று, ஆட்டம் தொடங்கியதும் ஓடிப்போய், குவாட்டர்பேக் எறிகிற பந்தைப் பிடிக்க வேண்டியவன். கேட்கச் சுலபம். ஆனால் அவனுக்கு முன்னால் கோர்னர்பேக் ஒருவன் நிற்கிறான். அவனுடைய வேலையே இவனை ஓடவிடாமல் மறிப்பதும் பந்தைத் தட்டிவிடுவதும்தான். அவனிடமிருந்து ஒரு முழ இடைவெளி எடுத்தால் பந்து வரும், எடுக்காவிட்டால் வராது. நேராக ஓடுவது, பத்து யாரில் சட்டென்று நின்று திரும்புவது, உள்ளுக்கு வெட்டுவது, வெளியே வெட்டுவது என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு கோடு இருக்கிறது. நல்ல ரிசீவர் எல்லாக் கோட்டையும் ஒரே மாதிரித் தொடங்குவான். எங்கே வெட்டப்போகிறான் என்று கடைசி அடி வரைக்கும் மற்றவனுக்கு விளங்காது.

இதை எப்படி அளப்பது? ஒவ்வொரு வருடமும் இண்டியானாபொலிஸ் நகரத்தில் கொம்பைன் என்று ஒரு பரிசோதனை முகாம் நடக்கும். நிறை, உயரம், கையின் நீளம், விரித்த உள்ளங்கையில் பெருவிரல் நுனியில் இருந்து சின்னவிரல் நுனி வரைக்கும் எவ்வளவு என்பது வரை அளப்பார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய விசயம் நாற்பது யார் ஓட்டம், அதாவது ஏறத்தாழ 36 மீற்றரும் கொஞ்சமும். ரீவியில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான். முன்னால் மறிக்க ஆளில்லை, பிடிக்கப் பந்தில்லை, ஹெல்மெட்டும் இல்லை.

2017இல் ஜோன் ரோஸ் அதை 4.22 செக்கனில் ஓடினான். அது அப்போதைய சாதனை. சின்சினாட்டி பெங்கால்ஸ் 9ஆவது ஆளாக அவனை எடுத்தது. முதல் சீசனில் அவன் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. காயங்களும் இருந்தன, அதையும் சொல்ல வேண்டும். அதே வருடம் கூப்பர் கப் என்றொருவன், ஈஸ்டர்ன் வோஷிங்டன் என்ற சின்னப் பல்கலைக்கழகத்துப் பொடியன், 4.62 ஓடினான். ரிசீவருக்கு அது மெதுவான ஓட்டம். மூன்றாம் சுற்றில், 69ஆவது ஆளாகத்தான் ராம்ஸ் அணி அவனை எடுத்தது. 2021 சீசனில் அவன் 145 பந்து பிடித்து, 1,947 யார் எடுத்து, 16 டச்டவுன் போட்டான். மூன்றிலும் லீக்கில் முதலாவது. பிறகு சூப்பர் போலில் ஆட்டநாயகனும் அவனே. அந்த இறுதிப்போட்டியில் எதிரே நின்று தோற்றது, ரோஸை எடுத்த அதே சின்சினாட்டி.

இந்தக் கதையைக் கேட்டதும் “பாத்தியா, நம்பர் எல்லாம் சும்மா!” என்று சொல்ல வாய் துடிக்கும். நானும் அப்படித்தான் சொன்னேன். அண்ணா விடவில்லை. “டிகே மெற்காஃபைத் தேடிப் பார்” எண்டார்.

தேடினேன். 2019இல் மெற்காஃப் பெரிய உடம்போடு 4.33 ஓடினான். ஆனால் மூன்று கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடுகிற பரிசோதனையில் 7.38 செக்கன். ரொம் பிரேடி, அந்த மெதுவான கால்காரர், 2000ஆம் ஆண்டு ஓடியதே 7.20. சனம் சிரித்தது. வளையத் தெரியாதவன் என்றார்கள். 64ஆவது ஆளாகத்தான் சியாட்டில் அவனை எடுத்தது. அடுத்த வருடமே 1,303 யார் எடுத்தான். ஆக, அவனுக்கு ஒரு இலக்கம் பொய் சொன்னது, இன்னொரு இலக்கம் உண்மை சொன்னது. நேராக ஓடுகிற வேகம் அவனிடம் உண்மையாகவே இருந்தது. அந்த வேகத்தை வைத்தே அவன் பிழைத்துக்கொண்டான். இலக்கம் பிழை இல்லை. அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று கேட்காமல் விடுவதுதான் பிழை.

சரி, ஓட்டத்தை விட்டுவிட்டு விளையாடிய கணக்கைப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேயும் ஒரு சிக்கல். ரிசீவர் தானாக ஒன்றும் செய்ய முடியாது. பந்தை இன்னொருவன் எறிய வேண்டும். எறிகிறவன் உதவாதவன் என்றால் இவனுடைய கணக்கும் விழும். எறிகிறவன் கெட்டிக்காரன் என்றால் சாதாரண ரிசீவரும் நட்சத்திரமாகத் தெரிவான். அதனால்தான் கணக்குப் பார்க்கிற ஆட்கள் மொத்த யாரை மட்டும் பார்ப்பதில்லை. தன் அணி எடுத்த யாரில் இவனுடைய பங்கு எவ்வளவு, எத்தனை வயதில் இருந்து அப்படி எடுக்கத் தொடங்கினான் என்று பார்ப்பார்கள். பத்தொன்பது வயதில் மூத்தவர்களுக்கு எதிரே அப்படி விளையாடியவனுக்கும், இருபத்துமூன்று வயதில் தன்னைவிடச் சின்னவர்களுக்கு எதிரே விளையாடியவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஆனாலும் சிக்கல் முழுக்கத் தீராது. ஸ்டெஃபோன் டிக்ஸ் மேரிலண்டில் விளையாடும்போது காயம், பந்தெறிகிற ஆட்களும் பெரிதாக இல்லை. அவனுடைய கணக்கு சாதாரணமாகத்தான் இருந்தது. 2015இல் ஐந்தாம் சுற்று வரைக்கும் யாரும் எடுக்கவில்லை. 146ஆவது ஆளாக வைக்கிங்ஸ் எடுத்தது. பெரிய ஆளாக வந்தான். 2020இல் ஜேலன் றேகருக்கும் இதே நியாயம்தான் சொல்லப்பட்டது: கடைசி வருடம் கணக்கு விழுந்தது, எறிகிறவன் புதுப் பொடியன், அவனுடைய பிழை இல்லை. மேலே பாய்கிற பரிசோதனையிலும் றேகர் 42 அங்குலம் பாய்ந்தான். ஜெஃபர்சனுக்கோ நேரெதிர்: எல்எஸ்யு சம்பியன் அணி, எறிகிறவன் ஜோ பரோ, பக்கத்தில் ஜமார் சேஸ், இவன் பெரும்பாலும் நடுப்பக்கமாக நின்று, நெருக்கி மறிக்கப்படாமல் பிடித்தவன். ஆகவே 21ஆவது இடத்தில் பிலடெல்பியா றேகரை எடுத்தது. அடுத்த இடத்தில் வைக்கிங்ஸ் ஜெஃபர்சனை எடுத்தது. முதல் சீசனிலேயே ஜெஃபர்சன் 1,400 யார். 2022இல் 1,809 யார். அதே 2022இல் பிலடெல்பியா றேகரைக் கைவிட்டு எங்கே அனுப்பியது தெரியுமா? வைக்கிங்ஸுக்கு. ஜெஃபர்சனுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றான்.

ஒரே நியாயம். டிக்ஸுக்குச் சரி, றேகருக்குப் பிழை. பிலடெல்பியாவின் ஆட்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களும் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள்தான்.

வைக்கிங்ஸ் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் 2016. அந்த வருடம் முதல் சுற்றில், 23ஆவது ஆளாக, லக்குவான் ட்றெட்வெல் என்ற ரிசீவரை எடுத்தார்கள். அப்போது அணியில் ஐந்தாம் சுற்று டிக்ஸ் இருந்தான். அடம் தீலனும் இருந்தான். தீலன் மினசோட்டாவிலேயே ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் 500 டொலர் உதவிப்பணத்தோடு படித்தவன். 2013இல் ஏழு சுற்றிலும் அவன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. வந்து விளையாடிக் காட்டு, பிறகு பார்ப்போம் என்ற முகாமுக்குப் போய் ஒட்டிக்கொண்டவன். முதல் சுற்று ட்றெட்வெல் முதல் சீசனில் ஒரேயொரு பந்து பிடித்தான். தீலன் 2017இலும் 2018இலும் ஆயிரத்துக்கு மேல் யார் எடுத்தான்.

இவ்வளவையும் நான் ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாசம் தம்பி இரண்டாம் தரம் உயர்தரம் எழுதிப்போட்டு வீட்டில் இருக்கிறான்.

முதல் தரம் வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட வந்து நின்றுவிட்டான். எனக்கும் அதுதான் நடந்தது. சட்டம் படிக்க ஆசைப்பட்டேன், இசட் ஸ்கோர் விடவில்லை, கலைப்பீடத்துக்கு வந்தேன். முதல் வருடம் முழுக்க “தசம்தானத்தில் போன வாழ்க்கை” என்று எல்லாரிடமும் சொல்லித்திரிந்தேன். அனுதாபம் நன்றாகக் கிடைத்தது.

பிறகு இரண்டாம் வருடம் ஒரு நாடகத்துக்குப் புதுமுக மாணவர்களைத் தெரிவு செய்கிற வேலை எங்கள் மூன்று பேரிடம் வந்தது. இலக்கம் ஒன்றும் வைக்கவில்லை. “மனுசரை மனுசராப் பாப்பம்” என்று பெருமையாகச் சொன்னோம். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிசம். பிறகு எடுத்த பட்டியலைப் பார்த்தால், சத்தமாகக் கதைத்தவர்கள், பகிடி விட்டவர்கள், எங்களில் ஒருவரின் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மெதுவாகக் கதைத்த ஒரு பிள்ளையை “மேடைக்குச் சரிவராது” என்று விட்டோம். அடுத்த வருடம் வேறொரு குழுவின் நாடகத்தில் அவளைப் பார்த்தேன். மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. அவளுடைய குரல் கடைசி வரிசை வரைக்கும் வந்தது.

எங்களுடைய ஐந்து நிமிசம் நாற்பது யார் ஓட்டத்தை விட மோசம். அந்த ஓட்டத்தில் குறைந்தபட்சம் மணிக்கூடு யாருடைய ஊர் என்று கேட்காது. இசட் ஸ்கோரும் அப்படித்தான். மூன்று மணித்தியாலத் தாளில் மற்றவர்களை விட எவ்வளவு தூரம் முன்னால் நின்றாய் என்பதை அது நேர்மையாகச் சொல்லும். ரியூசனுக்குக் காசு இருந்ததா, வீட்டில் படிக்க மேசை இருந்ததா, அந்தக் கிழமை காய்ச்சலா என்று சொல்லாது. அதை எடுத்துப்போட்டு நேர்முகத் தேர்வு வைத்தால் ஆர் உள்ளே போவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே தம்பியிடம் “ரிசல்ட் ஒண்டும் முக்கியமில்லை” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முக்கியம்தான். முதல் சுற்றில் போனவனுக்குக் காசு கூட, தவணை கூட, ஒரு பந்து பிடித்தாலும் அடுத்த வருடமும் அவனை வைத்திருப்பார்கள். தீலன் ஒவ்வொரு நாளும் இடத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பிந்தி வருகிறவனுக்குப் பாதை நீளம். தீலன் கதையை மட்டும் சொல்லி, பெயரே வராமல் வீட்டுக்குப் போன மிச்சப் பேரைச் சொல்லாமல் விட்டால் அது ஏமாத்து.

ஆனால் ஒன்று சொன்னேன். போன கிழமை, கரண்ட் போய் நாங்கள் வாசலில் இருந்த நேரம், கூப்பர் கப்பின் கதையை முழுக்கச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அப்ப அவன் மெதுவா ஓடினது உண்மைதானே அக்கா?” எண்டான்.

“ஓம், உண்மைதான். 4.62.”

“பிறகு எப்பிடி?”

“மற்றவன் எந்தப் பக்கம் திரும்புவான் எண்டு பாத்துப்போட்டு வெட்டுவான். அதை அங்க ஒருத்தரும் மணிக்கூடு வைச்சு அளக்கேல்லை.”

கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. கரண்ட் வந்தது. எழும்பி உள்ளே போகும்போது, அடுத்த ட்ராஃப்ட் எப்ப என்று கேட்டான். சித்திரையில், விடிய ஐந்தரைக்கு என்றேன்.

“என்னையும் எழுப்பிவிடுங்கோ” எண்டான்.