மூன்றாவது மாதம்

மதுரையின் தெற்கு ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டிய பொட்டலில் காலை ஐந்தரை மணிக்குக் கம்பு சுற்றுகிறவர்களில் பள்ளிப் பிள்ளை ஒருவர்கூட இல்லை. தையல்கடை வைத்திருக்கும் பெண், ரேஷன் கடை ஊழியர், பல் மருத்துவர், வங்கியில் ஓய்வுபெற்ற பெரியவர், பழ வியாபாரி. "சிலம்பம்னா பிள்ளைங்கதான் வரும். இந்த ஆளுகிட்ட அப்பன் ஆத்தாளெல்லாம் வருஷக்கணக்கா நிக்கிறாங்க, வந்து பாரு" என்று நண்பர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். சேர்வது பெரிய விஷயமில்லை. எப்படி நிற்க வைக்கிறார் என்பதைப் பார்க்கத்தான் போனேன்.

வாத்தியாருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. மாலை வகுப்பில் பிள்ளைகள் கூட்டம் தாங்கவில்லை. 2021இல் தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது செயல்விளக்க விளையாட்டாகவும் இடம்பெற்றது. அதிலிருந்து, பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் வாயிலிருந்து விழும் முதல் வார்த்தை 'சர்டிபிகேட்'. ஆனால் பத்தாம் வகுப்பு வந்ததும் கம்பு பரணுக்குப் போய்விடுகிறது. "சின்னதுலேர்ந்து நான் சொல்லிக் குடுத்த பய, டியூஷன்னு போனான். தப்பில்ல, படிக்கணும்ல? ஆனா எனக்கப்புறம் இந்த மண்ணுல நின்னு சொல்லிக் குடுக்க ஆளு வேணுமே." சான்றிதழால் ஒரு பயனும் இல்லாத பெரியவர்களை அவர் பிடித்து வைக்கப் பார்ப்பது அதனால்தான்.

பெரியவர்கள் வரும் காரணங்கள் பலவகை. சர்க்கரை ஏறிவிட்டது, டாக்டர் நடக்கச் சொன்னார், நடை சலித்துவிட்டது. தெருவில் யாருடைய சங்கிலியையோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓரமாகக் காத்திருந்ததில் கை பரபரத்தது. வங்கிப் பெரியவருக்குக் காரணம் எம்.ஜி.ஆர். 1976இல் வந்த 'உழைக்கும் கரங்கள்' படத்தில் மான் கொம்புச் சண்டையைப் பார்த்தபோது அவர் பள்ளி மாணவர். ஓய்வுபெற்ற கையோடு வந்தவர், முதல் நாளே மான் கொம்பைத்தான் கேட்டிருக்கிறார். "அசல் கொம்ப வச்சிருந்தா பாரஸ்ட்காரன் வருவான்ணே. நீங்க மொதல்ல நேரா நில்லுங்க" என்று சொல்லி வாத்தியார் காலடிப் பயிற்சியில் இறக்கிவிட்டார்.

வாத்தியார் அஞ்சுவது மூன்றாவது மாதத்துக்கு. முதல் மாதம் உடம்பு வலிக்கும். அதை வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது மாதம் கம்பு கையில் சுழலத் தொடங்கும். செல்போனில் வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பலாம். மூன்றாவது மாதம் காலும் கையும் சேர வேண்டும். அங்கேதான் வருகிறது வினை. கால் முன்னே போகும்போது கை நின்றுவிடும், கம்பு திரும்பித் தன் முட்டியிலேயே அடிக்கும். அதே அடியைப் பக்கத்தில் ஒரு பத்து வயதுப் பிள்ளை விளையாட்டாகப் போட்டுவிட்டால் போதும். அலுவலகத்தில் இருபது பேரை வேலை வாங்குகிறவரால் அதைத் தாங்க முடியாது. அடுத்த வாரம் ஒரு கல்யாணம் வரும், அதற்கடுத்து ஆடிட்டிங். இப்படி நான்கு நாள் விட்டவர் ஐந்தாம் நாள் வர வெட்கப்படுவார். சோம்பலைவிட அந்த வெட்கம்தான் ஆளை அதிகம் கொண்டுபோகிறது என்பது வாத்தியாரின் கணக்கு. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

அதனால்தான் காலை வகுப்பில் பிள்ளைகளுக்கு இடமில்லை. திட்டும் இல்லை. பிள்ளைகளை 'டேய்' என்று அதட்டுகிறவர் இங்கே 'அண்ணே', 'அக்கா' என்று கூப்பிட்டுத்தான் காலைத் திருத்துகிறார். அதையும் பக்கத்தில் போய், மெதுவாக. ஆளுக்கொரு ஜோடி உண்டு. தையல்கடை அக்காவுக்கு ஜோடி பல் மருத்துவர். ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கு எதிரில் கம்பு இல்லை. வராதவருக்கு வாத்தியார் போன் போடுவார், ஆனால் வகுப்பைப் பற்றிப் பேச மாட்டார். பழம் என்ன விலை, பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். ஆள் திரும்பி வந்தால் ஏன் வரவில்லை என்ற கேள்வி கிடையாது. எந்த இடத்தில் நின்றாரோ அதே இடத்தில், முந்தைய பாடத்திலிருந்து ஆரம்பம்.

கம்பு விஷயத்தில்தான் மனிதர் கறார். நெற்றி உயரத்துக்குப் பிரம்பு, அவரே தேர்ந்தெடுப்பார். வளைவை நெருப்பில் வாட்டி நிமிர்த்துகிறார். அந்தப் பதமெல்லாம் அவர் கைக்கு மட்டும் தெரிந்தது. எண்ணெய் தேய்ப்பது மாணவர் பொறுப்பு. நுனி பிளக்காமலிருக்கப் போடும் பூண் முதலில் கிடைக்காது. ஓர் ஆண்டு அந்தக் கம்போடு நின்றவருக்குத்தான் இரண்டு முனையிலும் பூண் மாட்டித் தருவார்.

அவருக்குக் கராத்தே பாணியில் வண்ணப் பட்டை கொடுப்பது பிடிக்காது. சில சிலம்பப் பள்ளிகளில் அதுவும் வந்துவிட்டதே என்று முகம் சுளிக்கிறார். ஆனால் பட்டைக்கு ஒரு கதை உண்டு. 1882இல் டோக்கியோவில் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோவின் பள்ளியில் அடையாளமாக இருந்தவை முக்கியமாக வெள்ளையும் கறுப்பும்தான். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று இடையில் படிகள் பெருகியது ஐரோப்பாவில். 1930களில் பாரிசில் ஜூடோ கற்பித்த மிகினோசுகே கவாய்ஷி அந்த முறையைப் பரப்பினார். வேலை முடித்து வரும் வளர்ந்த மனிதர், கறுப்புப் பட்டை வரைக்கும் எதையும் காணாமல் பொறுத்திருக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இதைச் சொல்லி, "உங்க பூணும் பட்டைதானே?" என்று கேட்டேன். வாத்தியார் சிரித்துவிட்டு, "பூண் இல்லாட்டி கம்பு பொளந்துரும். பட்டை இல்லாட்டி என்ன, வேட்டியா அவுந்துரும்?" என்றார். தையல்கடை அக்கா மட்டும், பூண் மாட்டிய அன்று தெருவில் எல்லோருக்கும் கேசரி கொடுத்ததைச் சொன்னார்.

வாத்தியாரின் அப்பா உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் அறுப்பு முடிந்த வயலில், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் சொல்லிக் கொடுத்தவர். அப்போது கற்றவர்கள் பெரும்பாலும் கல்யாணமான ஆண்கள். பகலில் வண்டி ஓட்டிவிட்டு, இரவில் கம்பு பிடிப்பார்கள். தட்சணை வெற்றிலை பாக்கும் தேங்காயும், பொங்கலுக்கு ஒரு வேட்டியும். மகன் பதினேழு வயதில் மதுரைக்கு வந்து லேத் பட்டறையில் சேர்ந்தார். பட்டறை மூடியபின் இரவில் ஏ.டி.எம். காவல். இன்றும் அந்தச் சீருடையோடுதான் ஐந்தரை மணிக்குப் பொட்டலுக்கு வருகிறார். கம்பு வீசத் தெரிந்த மனிதரை நாற்காலியில் உட்கார வைத்துக் கொட்டாவி விட வைத்திருக்கிறோம்.

சிலம்பத்தில் பணமே இல்லையா என்றால், இருக்கிறது. மார்ச் 8 நெருங்கும்போது கல்லூரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் பெண்கள் தற்காப்பின் நினைவு வரும். நடுவில் ஒரு நிகழ்ச்சி ஏஜென்ட். ஒன்றரை மணி நேரம், பேனர், போட்டோ. கம்பெனி கொடுப்பதில் பாதிக்கு மேல் ஏஜென்டுக்கு. வாத்தியாருக்குக் கிடைப்பது ஆட்டோ செலவு போக ஒரு சால்வையும் ஒரு கவரும். போட்டிக்கு நுழைவுக் கட்டணம், சான்றிதழுக்குக் கட்டணம் என்று வசூலிக்கிறவர்களும் உண்டு. மண்ணில் நிற்கிறவனுக்கு மிஞ்சுவது வேர்வை. அந்தக் கோபத்தை வாத்தியார் காட்டவில்லை, எனக்கு அடங்கவில்லை.

அந்த ஒன்றரை மணி நேரம் ஏமாற்றும்கூட. தற்காப்புப் பயிற்சி குறுகியதாக இருப்பதில் குற்றமில்லை. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் சார்லீன் சென் குழு 893 மாணவிகளிடம் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. மூன்று மணி நேர அமர்வுகள் நான்கு, மொத்தம் 12 மணி நேரம். ஆபத்தை முன்கூட்டி உணர்வது, தெரிந்தவனையும் தயங்காமல் மறுப்பது, உடலால் எதிர்ப்பது ஆகியவற்றைக் கற்ற பெண்களில் அடுத்த ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் 5.2 சதவீதம், துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களில் 9.8 சதவீதம். அப்படியானால் தற்காப்புக்காக மட்டும் வருகிறவரைப் பன்னிரண்டு மணி நேரத்தில் நல்லபடியாக அனுப்பிவைப்பதுதான் நேர்மை. பயத்தைக் காட்டி வருடக்கணக்கில் கட்டணம் வாங்குவது வேறு தொழில். சங்கிலி அறுப்புக்குப் பயந்து வந்த ரேஷன் கடைக்காரரிடம் இப்போது கேட்டால், சங்கிலியை அவர் மறந்தே போயிருக்கிறார். "காலையில கம்பு சத்தம் கேக்கலன்னா அன்னிக்கு ஆள் சரியில்ல சார்" என்கிறார்.

ஐப்பசி நெருங்குகிறது. மழை விழுந்தால் பொட்டல் சேறாகிவிடும். போன வருடம் மழையில் விட்டுப்போன சிலர் திரும்பவே இல்லை. இந்த முறை பழ வியாபாரி தனக்குத் தெரிந்த கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைக் கேட்டு வைத்திருக்கிறார். கூரை தாழ்வு, வரிசையாக மின்விசிறிகள். கம்பு சுற்ற வழியில்லை. குத்துவரிசை மட்டும் செய்யலாம் என்கிறார் வாத்தியார். கம்பு இல்லாமல் வெறுங்கையோடு எதற்கு வருவது என்று இரண்டு பேர் இப்போதே முணுமுணுக்கிறார்கள். நடுவில் நான்கு விசிறிகளை மட்டும் கழற்றிக்கொள்ளலாமா என்று மண்டபக்காரரிடம் வங்கிப் பெரியவர் பேசிக்கொண்டிருக்கிறார்.