மிளகு மணக்கும் பிஸ்கட்

இத்தாலி என்ற சொல்லைக் கேட்டால் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் உடனே நினைவுக்கு வருபவர் வீரமாமுனிவர்தான். வட இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகிலுள்ள காஸ்திக்லியோனே என்னும் சிற்றூரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்தவர். மாணவர்களின் பாதுகாவலராகிய புனித ஞானப்பிரகாசியார் 1568இல் பிறந்ததும் அதே ஊரில்தான். 1711இல் மதுரை மறைத்தளத்துக்கு வந்து தமிழ் கற்று, சூசையப்பரைக் காப்பிய நாயகராக வைத்து 3615 பாக்களில் தேம்பாவணி பாடிய அந்தப் பெரியவர், நம் கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அடைக்கல மாதாவின் மீது கலம்பகமும் இயற்றினார். இவ்வளவும் நாம் எல்லோரும் அறிந்ததே. ஆனால் அவர் ஊரில் மக்கள் என்ன பலகாரம் செய்வார்கள் என்று நம்மில் யாராவது நினைத்துப் பார்த்ததுண்டா?

எங்களுக்கு அந்த எண்ணத்தை உண்டாக்கியவர் எங்கள் மடத்து மூத்த அருட்சகோதரி ஒருவர். சபையின் முதியோர் இல்லம் ஒன்றில் பணி செய்ய மாந்துவாப் பக்கம் சென்று, பதினோர் ஆண்டுகள் இருந்து திரும்பியவர். தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலையில், "வீரமாமுனிவர் பிஸ்கட் சுட்டுத் தின்னிருப்பாரா, சிஸ்டர்?" என்று எங்களில் ஒருத்தி கேட்டுவிட்டாள். சிஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சின்னப் பிள்ளையா இருந்தப்போ தின்னிருப்பாரோ என்னவோ! இங்க வந்த பிறகு காவி கட்டி, கறி மீனையே விட்டவரு. அவருக்கு ஏதுடி பிஸ்கட்டு?" என்றார். பிறகு சற்று யோசித்து, "அவங்க ஊரு பிஸ்கட்டு நான் கத்துத் தாரேன். அடுத்த சனிக்கிழமை மக்காச்சோளம் அரைச்சுக்கிட்டு வாங்க" என்றார்.

மக்காச்சோளம் என்றதும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்னணியில் நிற்கிறது. மழைக்குப் பின் பேருந்தில் எந்தப் பக்கம் போனாலும் ஆள் உயரத்துக்குப் பச்சைக் கதிர்தான். ஆயினும் அதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்கே போகிறது. நான் இரண்டு கிலோவை மாவு மில்லுக்கு எடுத்துச் சென்றபோது எங்கள் அப்பாயி, "கோழிக்குப் போடறதையா அரைச்சுத் திங்கப் போறீங்க?" என்று திண்ணையிலிருந்தே கேட்டார். அப்பாயிக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. வட இத்தாலியின் ஏழைக் குடியானவர்கள் பல தலைமுறைகளாக உயிர் வாழ்ந்தது மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிண்டிய களியால்தான். 'போலென்தா' என்பது அதன் பெயர். நம் கேழ்வரகுக் களிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மாவில் வெண்ணெயும் சர்க்கரையும் வாதுமையும் சேர்த்து மாந்துவா மக்கள் செய்வது 'ஸ்பிரிசோலோனா'. தட்டகலத்துக்குச் சுட்டு, கத்தி வைக்காமல் கையால் உடைத்து எல்லோரும் பங்கிட்டு உண்பார்கள். வெனிஸ் பக்கத்தில் இம்மாவிலேயே உலர்ந்த திராட்சை சேர்த்துச் சிறுசிறு பிஸ்கட்டாகச் சுடுவதும் உண்டு.

சிஸ்டர் எங்களுக்குக் கற்றுத் தந்தது இவற்றையெல்லாம் கலந்து அவரே ஆக்கிக்கொண்ட எளிய வகை. அளவைச் சொல்கிறேன், தோழியரே, எழுதிக்கொள்ளுங்கள். மஞ்சள் மக்காச்சோள மாவு 100 கிராம், மைதா 150 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 125 கிராம், முட்டையின் மஞ்சள் கரு ஒன்று, கரகரப்பாக இடித்த முந்திரி 75 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, ஓர் எலுமிச்சைப் பழத்தின் மேல்தோல் துருவல். கடையில் 'கார்ன் ஃப்ளவர்' என்று கேட்டால் வெள்ளை வெளேரென்று ஒரு மாவு தருவார்கள். அது வேறு, அதை வாங்கிவிடாதீர்கள். வாசனைக்கு இரண்டு அங்குலப் பட்டை, நான்கு கிராம்பு, சாதிக்காய் சுரண்டியது ஒரு சிட்டிகை, மிளகு பத்து. இவற்றை வெறும் சட்டியில் சூடு காட்டி இடித்துச் சலிக்க வேண்டும். மாவுகளில் வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்து, மற்றவற்றைச் சேர்த்து, பிசையாமல் அழுத்தி உருண்டையாக்க வேண்டும். சப்பாத்தி மாவைப் போல அடித்துப் பிசைந்தால் பிஸ்கட் கல்லாகிவிடும் என்பது சிஸ்டரின் எச்சரிக்கை. அரை மணி நேரம் குளிர வைத்து, எலுமிச்சை அளவு எடுத்துத் தட்ட வேண்டும்.

வீட்டில் 'ஓவன்' இல்லையே என்று யாரும் பின்வாங்க வேண்டாம். அடி கனத்த பழைய பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் உலர்ந்த ஆற்று மணலைப் பரப்பி, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கி, உள்ளே ஒரு முக்காலி வைத்து, அதன் மேல் நெய் தடவிய தட்டை வைத்து மூடினால் போதும். தணலைக் குறைத்து இருபது, இருபத்தைந்து நிமிடம். ஓரம் சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். சூட்டில் மெதுவாகத்தான் இருக்கும், ஆறிய பின்தான் மொறுமொறுப்பு வரும். மூடியைத் திறந்தவுடன் எழும் மணம் கிறிஸ்துமஸ் இரவை நினைவூட்டும்.

பிஸ்கட்டில் மிளகா என்று முதலில் நானும் வியந்தேன். யவனர் கலங்கள் முசிறித் துறையில் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றில் உண்டு. இன்றைக்கும் இத்தாலியர் மிளகை 'பேப்பே' என்கின்றனர். அச்சொல்லின் மூலத்தைத் தேடிப் போனால், நம் திப்பிலிக்கு உறவான 'பிப்பலி' என்னும் வடசொல்லில் வந்து நிற்கும். அப்ருத்சோ என்னும் பகுதியில் தேனும் வாதுமையும் மிளகும் சேர்த்துச் செய்யும் பிஸ்கட்டுக்குப் பெயரே மிளகை வைத்துத்தான்: 'பெப்பத்தெல்லி'. ஆக நம் கடற்கரையிலிருந்து போன மிளகு அவர்கள் பலகாரத்தில் ஏறி, சிஸ்டரின் கையால் திரும்பி வந்திருக்கிறது. மக்காச்சோளமும் முந்திரியுமோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் மண்ணுக்கு வந்தவை.

முந்திரியைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும். அவர்கள் ஊரில் வாதுமை போடுவார்கள். நாங்கள் முந்திரி போட்டதற்குக் காரணம் என் வகுப்புத் தோழி ஒருத்தி. பெயரைப் போட வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். அவள் ஊர் அரியலூர் மாவட்டத்து முந்திரிக் காட்டுப் பக்கம். அவள் அம்மா முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவர். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் ஒரு தட்டு, பருப்பு நொறுங்காமல் வெளியே வர வேண்டும். ஓட்டிலுள்ள எண்ணெய் தோலை அரித்துக் கறுப்பாக்கிவிடும். சாம்பல் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்களாம். அப்படியும் விரல் நுனிகள் எப்போதும் கறுத்தே இருக்கும் என்று அவள் சொன்னாள். எங்கள் பிஸ்கட்டுக்கு வேண்டிய உடைந்த பருப்பை அவள்தான் ஒரு பொட்டலமாகக் கொண்டுவந்தாள்.

பள்ளியில் கற்றதை வீட்டில் செய்து பார்க்கலாமென்று தோழியர் நால்வரை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் எங்கள் வீட்டுக்கு அழைத்திருந்தேன். பிஸ்கட் ஆறிக்கொண்டிருந்தது. அம்மா டிகாஷன் இறக்கி, பாலைக் காய்ச்சி, தவரா டம்ளர்களை வரிசையாக வைத்தார். அப்போது அந்தத் தோழி என் அம்மாவின் அருகில் போய்த் தணிந்த குரலில், "அம்மா, எனக்குப் பேப்பர் டம்ளர் இருந்தா அதுல குடுங்கம்மா" என்றாள்.

கொதிக்கிற காப்பியை யாராவது பேப்பர் டம்ளரில் விரும்பிக் கேட்பார்களா? அவளுடைய தாத்தா காலத்தில் அவர்கள் ஊர் டீக்கடையில் அவர்களுக்குக் கொட்டாங்குச்சி. பிறகு தனி டம்ளர், குடித்தவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். இப்போது எல்லோருக்குமே பேப்பர் டம்ளர் வந்துவிட்டதால் யார் யார் எதில் குடிப்பது என்ற கேள்வி எழுவதில்லை. அதனால் அவளுக்குப் பேப்பர் டம்ளர்தான் மானத்தைக் காப்பது. யாரும் ஒரு சொல் சொல்லுமுன் தானே முந்திக்கொண்டாள். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது 1950இல்; குற்றமாக்கித் தண்டனைச் சட்டம் வந்தது 1955இல். இதைச் சமூக அறிவியலில் ஐந்து மதிப்பெண்ணுக்கு நாங்கள் எழுதியிருக்கிறோம். அவளும் எழுதியிருக்கிறாள், என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

அம்மா அவளை ஒருமுறை பார்த்தார். "நம்ம வீட்ல பேப்பர் டம்ளர் ஏது கண்ணு?" என்று மட்டும் சொல்லி, தாத்தாவின் பெயர் பொறித்த டம்ளரில் நுரை வர ஆற்றி அவள் கையில் கொடுத்தார். திண்ணையிலிருந்த அப்பாயி அந்த டம்ளரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் செபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று அவர் காப்பி குடிக்கவில்லை.

அப்பாயி கெட்டவர் அல்லர். ஏலாக்குறிச்சி மாதாவுக்கு ஆண்டு தவறாமல் நடந்து போனவர். தெருவில் யார் பசி என்று வந்தாலும் சோறு போடுவார்; ஆனால் அவர்களோடு உட்கார்ந்து உண்பது வேறு என்று நினைக்கிறவர். இந்த எண்ணம் அப்பாயியோடு தோன்றியதும் அன்று. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் தத்துவபோதகர், மேல் சாதியார் தம்மிடம் வர வேண்டுமென்று புலால் விட்டு, ஏற்கெனவே அங்கிருந்த தம் சபைக் குருவைப் பிரிந்து தனி வீட்டில் வாழ்ந்தார். பின்னர் பிராமண சந்நியாசிகள் என்றும் பண்டார சுவாமிகள் என்றும் குருக்களே இரு வகையாகப் பிரிந்து பணி செய்தனர். அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை என்று பெரியவர்கள் விளக்குகிறார்கள். இருக்கலாம். ஆனாலும் ஒரே அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தவரின் சீடர்கள் ஒன்றாக உட்கார்ந்து உண்ண இயலாமற் போனதை எண்ணினால் எனக்கு ஆறவில்லை. சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. "அடுத்த வாரமும் அவளைக் கூப்பிடு" என்றார்.

அடுத்த வாரம் அப்பாயி வெளியே வரவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. நான்காம் வாரம் முட்டையை விட்டுச் செய்து பார்த்தோம். பிஸ்கட் சற்றுக் கெட்டியாகிவிட்டது. அதன் மணமோ, தனியே இருந்த சலிப்போ, அப்பாயி திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பல் இல்லை. நான் நீட்டிய பிஸ்கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது கல்லாட்டம் இருக்கு. முந்திரி ஒடைக்கிற வீட்டுப் புள்ள எங்க? அவள ஒடைச்சுக் குடுக்கச் சொல்லு" என்றார்.

என் தோழி சிரித்தாள். தரையில் அப்பாயியின் பக்கத்தில் உட்கார்ந்து, பிஸ்கட்டை நான்காக உடைத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அப்பாயி ஒவ்வொன்றாக எடுத்துக் காப்பியில் நனைத்துத் தின்றார். நாலும் முடிந்ததும், "மொளகு ரொம்ப. நாக்கு எரியுது" என்றார். பிறகு அவள் அம்மாவுக்கு எவ்வளவு கூலி என்று விசாரித்து, "அவ்வளவுதானா?" என்று சத்தம் போட்டார்.

அப்பாயி முழுவதும் மாறிவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். இன்றும் தம் டம்ளரை வேறு யாரும் தொடுமுன் தாமே கழுவி மாடத்தில் கவிழ்த்துவிடுகிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ஆனால், "அந்தப் புள்ள வரலியா?" என்று கேட்கிறார்.

போன மாதம் அம்மா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய பிஸ்கட் போட்டு அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். தாம் உடைத்த முந்திரியை ஒரு பலகாரத்தில் அவள் அம்மா தின்றது அதுதான் முதல் முறையாம். நன்றாக இருக்கிறது, ஆனால் காரம் போதவில்லை, மிளகைக் கொஞ்சம் கூட்டச் சொல் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்பாயிக்குக் குறைக்க வேண்டும், அவருக்குக் கூட்ட வேண்டும். இரண்டு ஈடாகப் போடலாமா என்று அம்மா கேட்டார். அடுப்பு எரிவாயு விற்கும் விலையில் அது எப்படி? பத்து மிளகைப் பதின்மூன்றாக்கியிருக்கிறோம்.