உளி பிடித்த பிறகு

ஐடி வேலையை விட்டுவிட்டுத் தச்சுப் பட்டறையில் சேர்ந்தது பற்றி நிறைய பேர் கேட்கிறீர்கள். சம்பளம் குறைந்தது, தோள்வலி வந்தது, வீட்டில் பேச்சும் வந்தது. எனக்குப் பெரிதாகப் பட்டது அதெல்லாம் இல்லை, இந்தத் தொழிலுக்குள் இருக்கும் அறிவு.

பட்டறையில் இன்னமும் அங்குலமும் நூலும்தான் கணக்கு. ஓர் அங்குலத்துக்கு 8 நூல். கதவுக்கும் நிலைக்கும் நடுவே எத்தனை நூல் சந்து விடலாம் என்பதை மரத்தையும் பருவத்தையும் பார்த்து மேஸ்திரி முடிவு செய்வார். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது. அகலவாக்கில் மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும். ஐப்பசியில் கதவு இறுகிக்கொள்வது இதனால்தான். அகலப் பலகையை அசையவிடாமல் ஆணியடித்து இறுக்கினால் ஒருநாள் வெடித்துவிடும். அதற்காகவே பழைய கதவுகளில் சட்டத்தில் காடி எடுத்து, பசை போடாமல் பலகையைச் செருகினார்கள். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

"இவ்வளவு படிச்சிட்டு ஆசாரி வேலையா?" என்று கேட்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கேள்விக்குள் சாதி இருக்கிறது. வேலையை விட்டு வந்ததற்காக என்னை மட்டும் பாராட்டுவதும் நியாயமில்லை. சிறுவயதிலிருந்தே இழைப்புளி தள்ளிக்கொண்டிருக்கும் என் மேஸ்திரியை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

கடையில் சொன்ன விலைக்குச் செல்போன் வாங்குகிறோம். அடுத்தமுறை வீட்டுக்கு ஆசாரி வந்தால், தயவுசெய்து அவர் கூலியில் பேரம் பேசாதீர்கள்.