லாலிபெலாவில் ஒரு விடியற்காலை

எத்தியோப்பியாவின் லாலிபெலாவில் பாறையைக் குடைந்தே உருவாக்கிய 11 தேவாலயங்கள் இருக்கின்றன. விடியும் முன்பே அவற்றில் ஒன்றின் வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளங்காலில் பாறையின் குளிர்.

வழிபாடு கீஸ் மொழியில். இன்று அது யாருக்கும் வீட்டு மொழி இல்லை, கோயிலுக்குள்தான் வாழ்கிறது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

ஆண்கள் ஒருபுறம், பெண்கள் மறுபுறம், எல்லோரும் வெள்ளைச் சால்வையில். மணிக்கணக்கில் நின்றே ஜெபிக்கிறார்கள். சாய்ந்துகொள்ள நீண்ட தடி உண்டு. என் கால் தளர்ந்ததைப் பார்த்த முதியவர் ஒருவர், எதுவும் பேசாமல் தன் தடியை என் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். கபரோ என்னும் பெரிய மத்தளம் முழங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

மொழி தெரியாத கோயிலுக்குப் போகத் தயங்காதீர்கள். கடைசிவரை நில்லுங்கள்.