‘கமல’ சரி, ‘கமலா’ தப்பு!

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களுக்கு ஒரு வேலையும் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் ஒருவர் லேப்டாப்போடு திருவிடந்தையில் என் வீட்டுக்கு வந்தார். சிறுசேரியில் மென்பொருள் வேலை. நம் பள்ளியின் பழைய மாணவர்கள் எல்லாரும் பதிவு செய்துகொள்ள ஒரு வெப்சைட் செய்துகொண்டிருக்கிறார். “முதல் பதிவு உங்களோடதுதான் சார்” என்று ஃபார்மைத் திறந்து வைத்தார். பயனர் பெயர் என்ற கட்டத்தில் என் பெயரைத் தமிழில் அடித்தேன். பொத்தானை அழுத்தியதும் சிவப்பில் ஒரு வரி வந்தது. பெயரில் எழுத்துகள், எண்கள், ஒருசில குறிகள் மட்டுமே இருக்கலாமாம்.

நான் அடித்தது எழுத்து இல்லாமல் வேறென்ன? ஆயுள் முழுக்க எழுத்து சொல்லிக்கொடுத்தவனைப் பார்த்து இப்படிச் சொன்னால் விடுவேனா? உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். ‘கமல’ என்றால் ஏற்றுக்கொள்கிறது. ‘கமலா’ என்றால் மறுக்கிறது. ‘கமல்’ என்றாலும் மறுக்கிறது. ‘ரமண’ போகிறது, ‘ரமணன்’ போகவில்லை. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. கால் போட்டாலும் தப்பு, புள்ளி வைத்தாலும் தப்பு!

தம்பியிடம் காரணம் கேட்டேன். அவர் பயன்படுத்துவது ஜாங்கோ என்ற கட்டமைப்பு. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி 2005இல் வெளியானது. ஒரு கிதார் கலைஞரின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஃபார்மில் என்னென்ன கட்டங்கள், எது கட்டாயம், எதில் எத்தனை எழுத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். கட்டத்தை வரைவது, வந்ததைச் சோதிப்பது, தப்பென்றால் சிவப்பு வரி காட்டுவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பிரவுசரிலேயே ஒரு சோதனை நடக்கும். ஆனால் அதை யார் வேண்டுமானாலும் தாண்டிவிடலாம் என்பதால் சர்வரில் இன்னொரு சோதனை கட்டாயம் வேண்டும். கையெழுத்து வாங்கிவந்த ரேங்க் கார்டை வகுப்பில் மறுபடி பார்ப்போமே, அது மாதிரி.

அந்தச் சர்வர் சோதனையில்தான் சிக்கல். பயனர் பெயருக்கு ஜாங்கோ தானாக வைத்திருக்கும் விதி பைத்தான் மொழியின் ‘எழுத்து’ என்ற வரையறையை நம்பியிருக்கிறது. யூனிகோடில் ‘க’ என்பது எழுத்து. காலும் கொம்பும் புள்ளியும் எழுத்தோடு சேரும் ‘குறி’. பைத்தான் அந்தக் குறிகளை எழுத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாம் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 எழுத்து படித்தோம். அந்த விதியின் முன்னால் 216 உயிர்மெய்யில் அகரம் ஏறிய 18தான் தேறுகிறது. மெய்யெழுத்து ஒன்றுகூடத் தேறாது.

எண்ணிக்கையிலும் இதே கதைதான். கோவிந்தசாமி என்ற பெயரில் நமக்கு ஆறு எழுத்து. கணினிக்குப் பதினொன்று. கட்டத்துக்குப் பத்துதான் எல்லை என்று யாராவது வைத்திருந்தால் கோவிந்தசாமிக்கு இடமில்லை.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. விதி எழுதியவர் மனத்தில் கமலாவும் கோவிந்தசாமியும் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் சிவப்பு வரியைப் பார்க்கிறவருக்கு அது தெரியாது. “உன் பெயர் தப்பு” என்பது மட்டும்தான் தெரியும்.

அடுத்து ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டங்கள். நம்மில் பலருக்குக் கடைசிப் பெயரே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். ஜாங்கோவில் ஒரு கட்டத்தை எழுதிவிட்டு எதுவும் சொல்லாமல் விட்டால் அது கட்டாயம் ஆகிவிடுமாம். விருப்பம் என்று நாமாக எழுதினால்தான் விருப்பம். அதனால் பலர் அங்கே ஒரு புள்ளி வைக்கிறார்கள், அல்லது அப்பா பெயரைப் போடுகிறார்கள். பிறகு ஒரு இடத்தில் ஒரு பெயர், இன்னொரு இடத்தில் இன்னொரு பெயர். 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் வர அனுமதியில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது நம் மக்கள் எத்தனை பேர் பதறினார்கள்! பிறகுதான் கடவுச்சீட்டில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள்.

தம்பி இதையெல்லாம் சொல்லச் சொல்ல எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

தமிழாசிரியர் ஆவதற்கு முன் தொடக்கப்பள்ளியில் சில வருஷம் இருந்தேன். ஜூன் மாதம் சேர்க்கைப் பதிவேடு எழுதுவது என் வேலை. கடற்கரைக் குப்பத்திலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் சொன்னார். பழைய காலத்துப் பெயர். செல்லம்மா என்று சொன்னதைச் செல்வி என்று எழுதியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்படி நானாக மாற்றி எழுதினேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. பிறந்த நாள் கேட்டேன். “பெரிய மழைக்கு அப்புறம், ஐப்பசியில” என்றார். பதிவேட்டில் ஐப்பசிக்கு இடமில்லை. வயது சரியாக வருகிற மாதிரி ஜூனில் ஒரு தேதி போட்டேன். அந்த அம்மா கைநாட்டு வைத்தார்.

போன வருஷம் அந்த மாணவி என்னைத் தேடி வந்தார். ஒரு வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பம், மறுநாள் கடைசி நாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் நான் வைத்த பெயர். ஆதாரில் அம்மா வைத்த பெயர். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று சிவப்பு வரி. கம்ப்யூட்டர் சென்டரில் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்தோம். எப்படி மாற்றி அடித்தாலும் ஃபார்ம் நகரவில்லை. அந்த வேலை போயிற்று. பிறகு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு எல்லாவற்றையும் சரிசெய்தார்.

தவறு செய்தது நான்தான் என்று அன்று திரும்பி வரும்போது சொன்னேன். “விடுங்க சார். பத்தாவது வரைக்கும் அந்தப் பேர்லதான கூப்பிட்டீங்க. அதுவும் என் பேருதான்” என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்தக் காலத்தில் பதிவேடும் நான், விதியும் நான், சோதனையும் நான். ஜாங்கோவைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி?

நம் ஊர் நித்யகல்யாணப் பெருமாள் கோயிலுக்குக் கல்யாணம் கூடிவர வேண்டி வருகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அர்ச்சனைக்குத் தட்டை நீட்டினால் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்பார்கள். அதுவும் ஒரு ஃபார்ம்தான். நட்சத்திரம் தெரியாது என்றால் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. ஒன்றுமே சொல்லத் தெரியாவிட்டால் சுவாமி பேருக்கு அர்ச்சனை நடக்கும். இந்த ஊரின் பெயரே பெருமாள் தாயாரை இடப்பக்கத்தில் ஏந்தியதால் ‘திரு இட எந்தை’ என்றிருந்து திருவிடந்தை ஆனது என்பார்கள். ஆங்கிலத்திலோ ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். கண்டிப்பான ஃபார்மில் நம் ஊரே தேறாது!

தம்பி அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். யூனிகோடின் தமிழ்ப் பகுதி முழுவதையும் ஏற்கிற மாதிரி புதிய விதி எழுதினார். ஒரே வரிதான். முதல், கடைசி இரண்டையும் எடுத்துவிட்டு ‘முழுப் பெயர்’ என்று ஒரே கட்டம் வைத்தார். முன்னெழுத்து வைத்துக்கொள்ளலாம், விடலாம். பிறந்த தேதி விருப்பம். “பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர் இருந்தால்” என்று நான் கேட்டு ஒரு கட்டம் சேர்த்தேன். சிவப்பு வரியையும் மாற்றினோம். இப்போது “இந்தக் கட்டத்தில் எங்களுக்கு ஒரு சிக்கல், இப்படி எழுதிப் பாருங்கள்” என்று வரும்.

உங்களில் நிறையப் பேர் மென்பொருள் துறையில் இருக்கிறீர்கள். நாளைக்கு ஒரு ஃபார்ம் எழுதும்போது, வெளியிடுவதற்கு முன் உங்கள் பாட்டியின் பெயரைத் தமிழில் அடித்துப் பாருங்கள். முன்னெழுத்தோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை. சிவப்பு வந்தால் விதியைத் திருத்துங்கள், பாட்டியை அல்ல.

இனி உங்கள் வேலை. அடுத்த வாரம் பதிவு இணைப்பு இங்கே வரும். வீட்டில் கூப்பிடும் பெயர், சான்றிதழ்ப் பெயர் இரண்டையும் எழுதுங்கள். எந்தக் கட்டமாவது மறுத்தால் உடனே சொல்லுங்கள். நான் தொடக்கப்பள்ளியில் சேர்த்துக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் அம்மா அன்று சொன்ன பெயர் என்ன என்று எனக்கு எழுதுங்கள்.

முதல் பதிவை என் பெயரில் போடவில்லை. அந்த மாணவியைப் போனில் கூப்பிட்டுக் கேட்டு, அவர் அம்மா வைத்த பெயரில் போட்டோம். ஒரே தடவையில் போனது.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்